நூற்றுக்குத் தொண்ணூறு

கதையைக் கேட்டோமா, கொட்டாவி விட்டோமா என்று போக நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இந்தக் கதைக்குத் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பவளத்துறை என்றொரு துறைமுகம். கப்பல் கரை சேர்ந்து கூலி கைக்கு வந்துவிட்டால், அந்தக் கை சும்மா இருக்குமா? அதற்கென்றே கடற்கரையில் இரண்டு சூதுக்கூடங்கள் இருந்தன. ஒன்று காரி என்பவனுடையது, மற்றது கொற்றி என்பவளுடையது. இரண்டிலும் ஆட்டம் ஒன்றேதான். ஆளுயரச் செப்புச் சக்கரம் ஒன்று நிற்கும். காசைப் போட்டுச் சுழற்ற வேண்டும். மீன் சின்னத்தில் வந்து நின்றால் காசு கொட்டும். வெற்றிடத்தில் நின்றால் போட்டது போனதுதான்.

கொற்றிக்குத் தன் சக்கரத்தின்மேல் அப்படியொரு பெருமை. இருக்காதா பின்னே? தானே வார்த்து, தானே இழைத்து, தானே அச்சில் ஏற்றிய சக்கரமாயிற்றே! போதாதற்கு, அந்தத் தொழிலில் எவருக்கும் வராத துணிச்சல் ஒன்றும் அவளுக்கு வந்தது. வாசலில் ஒரு பலகையை அடித்து, தூரத்தில் வருகிறவன் கண்ணிலும் படும்படி எழுதி வைத்தாள்: "இந்தச் சக்கரம் நூறு காசு வாங்கினால் தொண்ணூறு திருப்பித் தரும். பத்து எனக்கு."

சூதுக்கூடம் நடத்துகிறவர்கள் யாராவது இப்படிச் செய்வார்களா? "பிழைக்கத் தெரியாதவள்" என்று காரி வயிறு குலுங்கச் சிரித்தான். ஆனால் கூட்டம் என்னவோ கொற்றியின் வாசலில்தான் நெரிந்தது. அவள் தெருவில் நடந்தால் இரண்டு ஆளுக்கு உண்டான இடம் வேண்டும், அப்படி நடப்பாள்.

இப்படியிருக்க, ஊரை ஆண்ட சேந்தன் ஒருநாள் பறையறைவித்தான். இந்தத் துறைமுகத்துக்கு ஒரு சூதுக்கூடம் போதும். மக்களிடம் நேர்மையாக நடக்கும் கூடம் எதுவோ, அதன்மேல் அரசனின் கொடி பறக்கும். மற்றதை அன்றைக்கே இழுத்து மூட வேண்டும்.

"கொடி எனக்கு இல்லாமல் வேறு யாருக்கு?" என்றாள் கொற்றி. யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகவே சொல்லிக்கொண்டாள்.

சேந்தனின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இரண்டு சக்கரங்களையும் கழற்றிப் போனார்கள். அரண்மனை முற்றத்தில் நாள் முழுக்கச் சுழற்றிப் பார்த்தார்கள். கொற்றியின் சக்கரம் சொல்லி வைத்தாற்போல் நூற்றுக்குத் தொண்ணூறு தந்தது. அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அடுத்துக் காரியின் சக்கரம். அது தந்தது தொண்ணூற்றைந்து! கூடியிருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கொற்றியின் முகம் சுண்டிப்போயிற்று.

"இவ்வளவு தாராளமாகத் தருகிறாயே, அதை ஏன் எழுதி வைக்கவில்லை?" என்று சேந்தன் கேட்டான்.

"எழுதினால் அதற்குக் கட்டுப்பட வேண்டுமே, அரசே" என்றான் காரி. "இன்றைக்குத் தொண்ணூற்றைந்து. நாளைக்கு மனசு வந்தால் கூட்டுவேன், வராவிட்டால் குறைப்பேன். என் சக்கரம், என் விருப்பம்."

அப்போது நக்கன் என்ற ஓடக்காரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அரசே, இந்தக் கொற்றியின் பலகை பொய்! ஓடத்துக்குப் பாய் வாங்க வைத்திருந்த நூறு காசை எடுத்துக்கொண்டு போனேன். போனால் பத்துக் காசு போகட்டும், ஒரு பொழுது சந்தோஷமாய் இருப்போம் என்று உட்கார்ந்தேன். பொழுது சாய்ந்தபோது மடியில் ஒன்றுமில்லை. எங்கே என் தொண்ணூறு?"

கொற்றி சீறினாள். "நூறைப் போட்டாய். தொண்ணூறு வந்ததா, இல்லையா?"

"வந்தது."

"அதை எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டியதுதானே? அதையும் போட்டாய், அதில் கொஞ்சம் போயிற்று. மிஞ்சியதையும் போட்டாய். அந்திவரை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால் என் சக்கரம் என்ன செய்யும்? என் சக்கரத்தைப் பொய் என்று சொல்ல இதுவரை ஒருவர் பிறக்கவில்லை, தெரியுமா?"

நக்கன் அவளையே பார்த்தான். "அக்கா, காரியின் கூடத்துப் பக்கம் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. என்ன தருவானோ, ஏது தருவானோ என்று பயம். நீங்கள்தான் எழுதி வைத்திருந்தீர்கள். அதை நம்பித்தானே உள்ளே வந்தேன்?"

கொற்றிக்குச் சுருக்கென்று தைத்தது.

கேட்டீர்களா சங்கதியை? ஒருவன் அதிகம் தந்தான், வாயைத் திறக்கவில்லை. ஒருத்தி குறைவாகத் தந்தாள், ஊரறியச் சொல்லிவிட்டுத் தந்தாள். அவள் சொன்னதை நம்பியவனோ பாயில்லாமல் நிற்கிறான். பலகை சொன்னது பொய்யா? இருவரில் நேர்மையாக நடந்தது யார்? சேந்தனின் இடத்தில் நீங்கள் இருந்தால் கொடியை யாரிடம் கொடுப்பீர்கள்?

விடை: கொடி கொற்றிக்குத்தான். மறைத்துத் தருகிறவன் எவ்வளவு தந்தாலும் அது அவன் போடும் பிச்சை. நாளைக்குக் குறைத்தால் ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் இருக்காது. எழுதி வைத்தவளைத்தான் நக்கனால் அரசன் முன்னால் நிறுத்திக் கேட்க முடிந்தது. பலகை சொன்னது பொய்யும் இல்லை, ஆனால் பாதி உண்மைதான். போடுகிற ஒவ்வொரு நூறுக்கும் என்று எண்ணி அவள் எழுதினாள், கொண்டுவந்த நூறுக்கு என்று அவன் படித்தான். சேந்தன் இதையே தீர்ப்பாகச் சொல்லிக் கொடியை நீட்டினான். கொற்றி வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு, தலையைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், நக்கனின் கையில் தொண்ணூறு காசை வைத்தாள். "நீ படித்தபடி இது உன்னுடையது. பத்து என்னுடையது, அதை விடமாட்டேன்" என்றாள். பிறகு நேரே கூடத்துக்குப் போய், முதல் வரியைவிடப் பெரிய எழுத்தில் பலகையில் இன்னொரு வரி எழுதினாள்: "அந்தத் தொண்ணூறையும் போட்டால் அதிலும் பத்தில் ஒன்று எனக்கு. போட்டுக்கொண்டே இருந்தால் எல்லாமே எனக்கு." அதற்கப்புறம்தான் கொடியை ஏற்றினாள்.