ஈரம் படாத பெஞ்சு

அன்று சேலம் அரங்கில் இருந்தவர்கள் நால்வர்: கூடைப்பந்துச் சங்கத் தலைவி திலகவதி, சேலம் அணியின் உரிமையாளர் இராஜமாணிக்கம், தூத்துக்குடிப் பயிற்சியாளர் சேவியர், அரங்கின் தரை துடைக்கும் செங்கமலம்.

லீக் சுற்றில் ஒரே ஒரு வெற்றி கூடுதலாகப் பெற்றுத் தூத்துக்குடி முதலிடம் பிடித்திருந்தது. இறுதிச் சுற்றில் இரு அணியும் மும்மூன்று வென்றிருந்தன; கோப்பையை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டம் விதிப்படி முதலிடத்தார் ஊரில்தான் நடக்கும். இராஜமாணிக்கத்துக்கு அது பொறுக்கவில்லை.

"அந்தத் தகரக் கொட்டகையிலா? ஆட்டத்தை இங்கே மாற்றுங்கள் அம்மா! கடைசி லீக் ஆட்டத்தில் என் பிள்ளைகள் வியர்வை சிந்தித்தான் தோற்றார்கள். துடைத்தவளே சொல்லட்டும். சொல்லு செங்கமலம்!"

"தரை ஈரமாத்தான் இருந்துச்சு ஐயா. நம்ம பெரிய ஆட்டக்காரங்க அஞ்சு பேரும் உக்காந்திருந்த பெஞ்சுலதான் ஒரு சொட்டு ஈரம் இல்ல. தோத்து ரெண்டாமிடம் வந்தா அரையிறுதியில லேசான அணி கிடைக்கும்னு நீங்கதானே அவங்கள எழுந்திருக்கவே விடல?"

சேவியர் வாய்விட்டுச் சிரித்தார். திலகவதி, ஆட்டம் நடக்கும் இடம் தூத்துக்குடி என்றெழுதிக் கையெழுத்திட்டார்.