கழுதை சுவரொட்டி தின்ற கதை

அந்தக் காலத்தில் கழுதைக்கு நல்ல குரல். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். விலங்குகள் எல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவற்றில் கணீரென்று, நிறுத்தி நிதானமாக, கூட்டத்தின் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கும்படி பேசத் தெரிந்தது கழுதை ஒன்றுதான். அதனால் நெடுங்கரை என்ற ஊரில் சேதி சொல்லும் வேலையை அதனிடம் கொடுத்திருந்தார்கள்.

லேசான வேலை இல்லை. காலையில் கிளம்பி ஏரிக்கரை, வயல்வெளி, களத்துமேடு, பக்கத்து ஊர்ச் சந்தை எல்லாம் சுற்ற வேண்டும். சாயங்காலம் கடைத்தெருவில் வந்து நின்று, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். எந்த மதகு திறந்திருக்கிறது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப் போயிருக்கிறது, மணியக்காரர் வீட்டு மாடு யார் வயலில் மேய்ந்தது என்று எல்லாம். கேட்டவர்கள் சண்டை போட்டார்கள், குறுக்குக் கேள்வி கேட்டார்கள், "நீ நல்லாப் பாத்தியா?" என்று திருப்பி அனுப்பினார்கள். கழுதையும் முனகிக்கொண்டே போய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்தது. கால் வலித்தது. ஆனாலும் ஊர் ஒழுங்காக நடந்தது.

மணியக்காரர் வீரப்பெருமாளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் மாட்டுச் சேதி கடைத்தெருவில் அடிபட்டதில் அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. கடைத்தெரு நடுவில் ஒரு சுவர் எழுப்பி, வெள்ளையடித்து, புளியங்கொட்டைப் பசை தடவிக் காகிதம் ஒட்டினார். அந்தக் காலத்தில் காகிதம் ஏது என்று கேட்காதீர்கள். கழுதை பேசியதை ஒப்புக்கொண்டவர்கள் காகிதத்தையும் ஒப்புக்கொள்ளலாம்.

சுவர் வசதியாக இருந்தது. அதற்கு மூச்சு வாங்காது, அதன்மேல் சாணி வாடை அடிக்காது, நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கலாம். அதில் இருந்ததெல்லாம் நல்ல சேதி வேறு. விளைச்சல் அமோகம், கிணற்றுத் தண்ணீர் தேன், மணியக்காரர் மகளுக்குச் சீமந்தம். எழுத்துத் தெரிந்தவர் வாசித்தார், தெரியாதவர் தலையாட்டினார். கழுதையைச் சுற்றி நின்ற கூட்டம் கரைந்து கரைந்து கடைசியில் செவந்தி மட்டும் மிஞ்சினாள். ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தெருவில் கைக்குழந்தையோடு இருந்தவள் அவள். கடைத்தெருவில் புட்டு விற்பாள். கழுதைக்குக் கழுநீர் வைத்துவிட்டு, "இன்னைக்கு என்னப்பா சேதி?" என்பாள். பிறகு வியாபார அவசரத்தில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கழுநீர் மட்டும் வைத்தாள்.

கழுதைக்கு அலுத்துப் போயிற்று. யாரும் கேட்காத சேதியை வாயில் வைத்துக்கொண்டு திரிவது மூட்டை சுமப்பதைவிடப் பாரம். பழக்கத்துக்காகச் சுற்றியது, பேசாமல் வந்து படுத்தது. ஐப்பசி அடைமழையில் ஏரி நிரம்பியபோது, பள்ளத்தெருவுக்கு நேர் மேலே, கரையில் ஒரு நண்டு வளையிலிருந்து நீர் கசிவதைப் பார்த்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது, சுவர் சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்த அலுப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீருக்கு அலுப்பு கிடையாது.

அடுத்த முறை போனபோது கசிவு ஓட்டமாகி இருந்தது. வந்த நீர் தெளிவாக இல்லை, கரையின் மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. கழுதை திரும்பி மணியக்காரர் வீட்டுக்கு ஓடியது.

"ஐயா, கரை அரிக்குது. மண்வெட்டியோட ஆள அனுப்புங்க."

வீரப்பெருமாள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கரைக்காவல் ஆட்களை எல்லாம் தன் வீட்டு மாடி கட்டும் வேலைக்கு அவர் இழுத்துவிட்டிருந்தார். "ஊரைக் கலக்காத. நான் பாத்துக்கறேன், நீ போ" என்றார். பார்த்தும் கொண்டார். கொஞ்ச நேரத்தில் சுவரில் புதுக் காகிதம் ஏறியது: 'ஏரிக்கரை கெட்டியாக இருக்கிறது. வாய்க்கு வந்ததைப் பேசுவோரை நம்ப வேண்டாம்.'

கழுதை கடைத்தெருவில் நின்று தொண்டை கிழியச் சொன்னது. ஒருவர் சுவரைக் காட்டினார், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கழுதை செவந்தியிடம் போயிற்று.

"அக்கா, இன்னைக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க. மேட்டுல எங்கயாவது தங்குங்க."

"கரை கெட்டியா இருக்குன்னு போட்டிருக்குதேப்பா."

"நான் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்."

"முந்தியெல்லாம் தினம் சொல்லுவ. இத்தன நாளா வாயே தொறக்கல. திடீர்னு வந்து வீட்டுக்குப் போகாதன்னா, மழையில புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போய் நிக்கிறது?" அவள் கோபமாகச் சொல்லவில்லை. அவளும் களைத்துப் போயிருந்தாள்.

கழுதை சுவரைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காகிதம் அங்கே இருக்கும்வரை இவர்கள் தன்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை என்று அதற்குப் புரிந்தது. நேரே போய்க் காகிதத்தின் ஓரத்தைப் பல்லால் கவ்வி உரித்தது. கீழே போட்டால் எடுத்து மறுபடி ஒட்டிவிடுவார்கள், அதனால் தின்றது. அதற்கு அடியில் அமோக விளைச்சல் இருந்தது, அதையும் தின்றது. அதற்கும் அடியில் தேன் கிணறு, அதற்கும் அடியில் சீமந்தம். பசையோடு அத்தனையையும் விழுங்கி, சுவரை வெறும் சுவராக்கிவிட்டுத் திரும்பியது.

கூட்டம் கூடிவிட்டது. "ஐயோ, சேதியைத் தின்னுடுச்சே! இனிமே எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கறது?" என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். வெறும் சுவரை வெறித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லா முகமும் கழுதையின் பக்கம் திரும்பியது. செவந்திதான் கேட்டாள்.

"சரி, சொல்லுப்பா. என்ன சேதி?"

கழுதை வாயைத் திறந்தது. தொண்டை முழுக்கப் பசை. காள் என்று ஓர் ஓசை வந்தது. அடுத்தது இன்னும் பெரிதாக வந்தது. மூச்சை உள்ளே இழுத்து, வெளியே தள்ளி, என்ன பாடுபட்டும் ஒரு சொல்லும் வரவில்லை. விம்மி விம்மி அடங்கிப் போயிற்று. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

செவந்தி சிரிக்கவில்லை. கழுதையின் கண்ணிலிருந்து நீர் ஒழுகுவதைப் பார்த்தாள். "அங்க என்னதான் இருக்குன்னு நானே போய்ப் பாத்துட்டு வரேன்" என்று குழந்தையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நடந்தாள். திரும்பும்போது ஓடி வந்தாள். பள்ளத்தெருவில் வாசல் வாசலாகக் கதவைத் தட்டினாள். நம்பாதவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கரையைக் காட்டினாள். பொழுது சாய்வதற்குள் தெருவே மேட்டில் ஏறி நின்றது. அவர்கள் கண்ணெதிரே கரை உடைந்தது. செவந்தியின் வீடும் போயிற்று, எல்லார் வீட்டு நெல்லும் போயிற்று. ஆள் மட்டும் ஒருவரும் போகவில்லை.

தண்ணீர் வடிந்ததும் மணியக்காரர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சுவரில் காகிதம் ஒட்டினார். 'கழுதை கத்திய நல்ல சகுனத்தாலும் மணியக்காரரின் முன்யோசனையாலும் ஊர் தப்பியது.' கழுதை வந்து அதைப் பார்த்தது. ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அதையும் தின்றது.

செவந்தி கழுநீர் வைத்தாள். "இன்னைக்கு என்னப்பா சேதி?" என்றாள். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டாள். பிறகு எழுந்து, புதுக்கரை எப்படி இருக்கிறது என்று தானே பார்த்துவிட்டு வரப் போனாள்.

அன்று முதல்தான் கழுதை, சுவரில் யார் எதை ஒட்டினாலும் உரித்துத் தின்கிறது. பெரிய சேதி சொல்ல வந்ததுபோல உரக்கத் தொடங்கி, பாதியிலேயே அலுத்து, விம்மலாக முடிக்கிறது. நாமும் அன்று முதல்தான், கழுதை கத்தினால் நல்ல சகுனம் என்று சொல்லிக்கொண்டு, என்ன சேதி என்று கேட்காமல் நடையைக் கட்டுகிறோம்.