வெருகு கொடுத்த இரவல்

காட்டுப்பூனையான வெருகுக்குத் துரோகம் செய்தது சிறுத்தை. வேறு யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்.

மிருகங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வெருகின் உடம்பெல்லாம் கரும்புள்ளி, வால் நுனியில் கருவளையம். மர நிழலில் படுத்தால் நிழல் எது, வெருகு எது என்று தெரியாது. அந்தப் புள்ளிகளை நம்பித்தான் அது மறைந்திருந்து இரை பிடித்தது, குட்டிகளை வளர்த்தது. சிறுத்தைக்கோ வெறும் மஞ்சள் தோல்.

ஒரு நாள் சிறுத்தை வந்து நின்றது.

"அக்கா, நாளைக்கு எனக்குக் கல்யாணம். இந்த மொட்டைத் தோலோட போய் நின்னா பொண்ணு வீட்டுக்காரங்க சிரிப்பாங்க. உன் புள்ளியை ஒரு நாள் இரவல் குடுக்கா."

"ஒரு நாள்தான் தம்பி. எனக்கு மூணு குட்டி இருக்கு."

வெருகு புள்ளிகளைக் கழற்றிக் கொடுத்தது. வாலின் மேல் உட்கார்ந்திருந்ததால் அதன் நுனியில் இருந்த வளையங்கள் மட்டும் மிஞ்சின.

"சரிக்கா, போறேன்" என்று சிறுத்தை நடந்தது.

பக்கத்தில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கௌதாரி தலையைத் தூக்கியது. "போயிட்டு வர்றேன்னு சொல்லலையே, கவனிச்சியா?"

"மாப்பிள்ளை அவசரம். வாய் தவறியிருக்கும்."

"அக்கான்னு கூப்பிடறப்ப மட்டும் தவறலையாக்கும்!"

பத்து நாள் ஆயிற்று. வெருகு நிழலில் பதுங்கினால் முயல்கூடப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் ஓடியது. குட்டிகள் பசியில் கத்தின. வெருகு நேராகச் சிறுத்தையின் பாறைக்குப் போனது.

"என் புள்ளியைக் குடு."

"வர்றேன்னு சொன்னேனா? போறேன்னுதானே சொன்னேன். வேணும்னா கௌதாரியைக் கேளு" என்றது சிறுத்தை.

வெருகு ஒரே பாய்ச்சலில் அதன் முதுகில் விழுந்தது. சிறுத்தை உதறிவிட்டு மரத்தில் ஏறிக்கொண்டது. வெருகின் நகத்தில் இரண்டே இரண்டு புள்ளிகள் சிக்கியிருந்தன. தொலைந்துவிடக் கூடாது என்று காதுக்கு ஒன்றாக நுனியில் ஒட்டிக்கொண்டது.

"இறங்காமலே இருந்துடுவியா? மிச்சத்தை வாங்காம விட மாட்டேன்டா."

அப்படியே போய்க் குட்டிகளைக் கவ்விக்கொண்டு காய்ந்த நாணலுக்குள் குடியேறியது. அங்கே அதன் வைக்கோல் நிறம் யார் கண்ணிலும் படவில்லை. எலி கிடைத்தது.

அன்று முதல்தான் வெருகு புள்ளியற்ற உடம்பும், காது நுனியில் கருமுடியும், வாலில் கருவளையமுமாக நாணலில் திரிகிறது. சிறுத்தை இன்றைக்கும் மரக்கிளையில்தான் தின்கிறது, தூங்குகிறது. இறங்கி வந்து கொடுக்க வேண்டியதை இன்னும் கொடுக்கவில்லை.