மருதமரத்தடியில் நின்ற மான்

காலில்லாமல் வரும், கையில்லாமல் தட்டும், வந்துவிட்டால் ஊமையாய்க் கிடந்த குளமும் பாடும். அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்?

மழை என்றீர்களா? சரிதான்.

ஒரு காட்டில் முதல் மழை கொட்டி ஓய்ந்த மறுநாள், பிற்பகலில் ஏரிக்கரையில் பாட்டுத் திருவிழா தொடங்கும். தவளைகள் பாடும். சில்வண்டுகள் சுருதி சேர்க்கும். மரங்கொத்தி தாளம் தட்டும். காட்டிலுள்ள இளசுகள் எல்லாம் அங்கேதான் கூடும்.

அந்தக் காட்டில் கொன்றை என்றொரு புள்ளிமான் இருந்தது. அதற்கு நவ்வி என்று ஒரே மகள். கொன்றை எதற்கும் பயப்படும். பக்கத்தில் இலை உதிர்ந்தால்கூடத் துள்ளித் தள்ளி நிற்கும்.

"அம்மா, இந்த வருஷம் பாட்டுக்கு நானும் போகிறேன். தாவியும் வருகிறான்" என்றது நவ்வி.

"யார், அந்தக் குரங்குப் பயலா? அவனை நம்பியா உன்னை அனுப்புவது?"

"அத்தை, நான் உங்கள் தலைக்கு மேலேதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்று கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

குரங்குக்கும் மானுக்கும் காட்டில் நெடுநாள் உடன்பாடு ஒன்று உண்டு. குரங்கு மேலிருந்து பார்க்கும். மான் கீழிருந்து மோப்பம் பிடிக்கும். ஆபத்து என்றால் குரங்கு கத்தும், மான் வாலைத் தூக்கும். தூக்கிய வாலைப் பார்த்தவர்கள் கேள்வி கேட்காமல் ஓடிவிட வேண்டும்.

அதை நினைத்துத்தான் கொன்றை அரைமனதாகச் சம்மதித்தது. "தண்ணீரில் இறங்காதே. நடுக்கூட்டத்துக்குப் போகாதே. தெரியாதவர்களோடு பேசாதே. ஆடாதே."

"சரி அம்மா. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நான் எங்கே வந்து நிற்பது? நீ எங்கே வந்து தேடுவாய்?"

"பிரிவதாவது! நல்ல நாளும் அதுவுமாய் என்ன பேச்சு இது? பிரியவே கூடாது. அவ்வளவுதான்."

நவ்வி அதற்குமேல் கேட்கவில்லை. போகிற வழியில் தாவியிடம் மட்டும், "பிரிந்துவிட்டால் ஓடைக்கரையில் சாய்ந்திருக்கிற மருதமரத்தடி" என்று சொல்லிவைத்தது.

கொன்றைக்கு இருப்புக்கொள்ளவில்லை. 'தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் மகளின் மூக்கு கூர்மையானது. என் வாடையைக் கண்டுபிடித்துவிடுமே' என்று யோசித்தது. எருமைகள் புரளும் குட்டையில் இறங்கிப் புரண்டு, உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு, ஏரிக்கரை நாணலுக்குள் புகுந்தது.

அங்கே பாட்டு களைகட்டியிருந்தது. நவ்வி ஆடிக்கொண்டிருந்தது.

'சொல்லியும் ஆடுகிறாளே!' கொன்றை வயிறு தரையில் உரச இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தது.

மரத்திலிருந்த தாவி அலறினான். "நாணலில் ஏதோ பதுங்கி வருகிறது!"

நவ்வி மூக்கைத் தூக்கிப் பார்த்தது. சேற்று வாடைதான் வந்தது. தெரிந்த வாடை ஒன்றுமில்லை. உடனே வாலைத் தூக்கியது.

பாட்டு நின்றது. ஏரிக்கரையே சிதறி ஓடியது. "நவ்வி! நான்தான், அம்மா!" என்று கொன்றை கத்தியது. அந்த அமளியில் அது யார் காதிலும் விழவில்லை. ஓடுகிறவர்கள் இடித்துத் தள்ளியதில் கொன்றையின் முன்கால் சுளுக்கிக்கொண்டது.

எங்கே போய்த் தேடுவது? கண்ணில் பட்ட வெள்ளை வால்களை எல்லாம் மகளின் வால் என்று நினைத்து ஓடியது. ஒன்றும் அவளுடையதாக இல்லை. மகள் கேட்ட கேள்வி அப்போதுதான் கொன்றையின் நெஞ்சில் தைத்தது.

நொண்டிக்கொண்டே மகளின் பெயரைக் கூவியபடி ஓடைக்கரைக்கு வந்தபோது, "அத்தை, இந்தப் பக்கம்!" என்றான் தாவி. மருதமரத்தடியில் நவ்வி நின்றிருந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

"அம்மா! உன் மேல் ஏன் இவ்வளவு சேறு?" நவ்வி முகர்ந்து பார்த்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "நாணலுக்குள் வந்தது நீயா?"

"நான்தான்" என்று தலைகுனிந்தது கொன்றை.

"சிறுத்தைகூட இவ்வளவு நன்றாகப் பதுங்காது, அத்தை" என்றான் தாவி.

"எல்லோரும் ஓடியதில் ஒரு முயல்குட்டி மிதிபட இருந்தது, அம்மா. பிரிந்துவிட்டால் எங்கே நிற்பது என்று நான் உன்னிடம் கேட்டேனே."

"கேட்டாய். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை."

ஏரிப் பக்கமிருந்து ஒரு தவளை தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. கொன்றைக்கு மகளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனாலும் கேட்டது: "பாட்டு எப்போது முடியும்?"

"மரங்கொத்தி கூட்டுக்குக் கிளம்பியதும் முடிந்துவிடும்."

"முடிந்ததும் இங்கே வா. நான் இந்த மரத்தடியிலேயே நிற்கிறேன். இப்போதே வீட்டுக்குப் போகலாம் என்றாலும் சரி. நீயே சொல்."

நவ்வி ஏரிக்கரைக்குப் போனது.

நீதி: ஒளிந்து நின்று காவல் காப்பதைவிட, அனுப்பும் முன்பே கலந்து பேசிவைப்பது பிள்ளைகளை நன்றாகக் காக்கும்.