தங்கக் குழாய்க்குக் கோமணம்

தங்க முலாம் பூசிய குழாய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஹார்டுவேர் கடை ஜெயசிங் அண்ணாச்சி அரை மணி நேரமாக அதன் பெருமையை அளந்துகொண்டிருந்தார். புது வீடு கட்டும் டீச்சரம்மா ஏறக்குறைய மயங்கிவிட்டார். கூட வந்த பிளம்பர் பிச்சாண்டிதான், “டீச்சர், இது ஆறு மாசம் தாங்காது” என்றான்.

அண்ணாச்சிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “குழாயைக் கழட்டாம, தண்ணி லைன்ல மாட்டாம, அதை இப்பவே நிரூபிடா பாக்கலாம். நிரூபிச்சா இவங்க வீட்டுக்கு வேண்டிய குழாய் மொத்தமும் இனாம். இல்லேன்னா இந்த ஊர்ல இனி நீ ஸ்பேனரைத் தொடக்கூடாது.”

“சரி அண்ணாச்சி. கொஞ்சம் கை கழுவிட்டு வந்துடறேன்” என்று பிச்சாண்டி கடையின் பின்பக்கம் போனான்.

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்தவன், கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த பித்தளைக் குழாயைக் காட்டினான். “டீச்சர், இந்தக் கம்பெனியே வாங்குங்க. அண்ணாச்சி கை கழுவுறது இதுலதான்.”

“என் தங்கக் குழாய்க்கு என்னடா குறை?”

“அதுவும் பக்கத்துலயே இருக்கு அண்ணாச்சி. கந்தல் துணியில கோமணம் கட்டி, கீழே வாளி வச்சிருக்கீங்களே.”

டீச்சரம்மா உள்ளே போய்ப் பார்த்தார். வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து, “பித்தளையில பதினெட்டு எடுத்து வைங்க அண்ணாச்சி” என்றார். “பில் வேண்டாம்.”