பதினேழு குறைகள்

ரொம்பப் பழைய கதை இல்லை. ஆனாலும் கதை என்றால் ஓர் ஊரும் ஓர் ஆளும் வேண்டுமே. ஊர் திருச்சி. ஆள் தேவசகாயம்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு பம்பு கம்பெனியில் வரைபடம் போட்டவர். கம்பெனியை மூடினதும், செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பழக வந்தார். குருவாக வாய்த்த நிலோஃபருக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

வேலை இதுதான். வெட்டுப்பட்ட காலைச் சுற்றி ஸ்கேனரைக் காட்டினால் அதன் உருவம் கம்ப்யூட்டருக்கு வரும். அந்த உருவத்தை சாஃப்ட்வேருக்குள் இழுத்து, அதன்மேல், காலை நுழைத்துக்கொள்ள ஒரு கூடு வடிக்க வேண்டும். கூடு பொருந்தினால் ஆள் நிற்கலாம்.

தேவசகாயம் வடிக்கும் உருவங்கள் பளிங்கு மாதிரி இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நிலோஃபர் வெளியூர் முகாமுக்குப் போயிருந்தபோது, முதன்முதலாக அவர் தனியாகச் செய்து கொடுத்தது மாரிக்கண்ணுக்கு. பள்ளிக்கூடச் சத்துணவில் சமையல் உதவி பார்ப்பவள். பள்ளி திறக்கிற அன்று அடுப்படியில் நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள்.

பள்ளி திறந்து நாலாம் நாள், ஊன்றுகோலில் வந்தாள். கூட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"என்னம்மா, மாட்டவே இல்லையா?" என்றார் தேவசகாயம்.

"ஒம்போது நாள் மாட்டினேன் சார். பழகிடும்னு சொன்னீங்கல்ல."

துணியை விலக்கினாள். புண் பழுத்திருந்தது.

"வேலை?"

"வேற ஆள் போட்டுட்டாங்க. நல்ல பொண்ணுதான். ரெண்டு காலும் இருக்கு."

முகாமிலிருந்து வந்துவிட்டிருந்த நிலோஃபரிடம் அவர் திரும்பினார். "மேடம், ஒரு மில்லிகூட தப்பில்ல. மூணு தடவை சரிபாத்தேன். தப்பே இல்லாத கூடு எப்படி மேடம் குத்தும்?"

நிலோஃபர் கம்ப்யூட்டரைக் காட்டினாள்.

"அந்த ஸ்கேனை மறுபடி உள்ள இழுங்க சார்."

இழுத்தார். திரையில் ஒரு பெட்டி எழுந்தது. பதினேழு குறைகள் உள்ளன, சரிசெய்யவா என்று கேட்டது. எப்போதும்போல அவர் விரல் தானாக 'சரி' பக்கம் போயிற்று. நிலோஃபர் மௌஸின்மேல் கையை வைத்து மறித்தாள்.

"வேண்டாம்னு குடுங்க."

கொடுத்தார். உருவம் கரடுமுரடாக வந்து நின்றது. முன்பக்கம், எலும்பு முடிகிற இடத்தில், புளியங்கொட்டை அளவு ஒரு முடிச்சு. அவர் வடித்ததில் அந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

"தொட்டுப் பாருங்க."

அவர் திரையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அங்க இல்ல சார்."

தேவசகாயம் மாரிக்கண்ணுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அந்தக் காலை அவர் அதுவரை தொட்டதே இல்லை. கட்டைவிரல் பட்டதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். முடிச்சு அங்கேயேதான் இருந்தது.

"அன்னிக்கே சொன்னேன் மேடம், இங்கதான் குத்துதுன்னு," என்றாள் நிலோஃபரைப் பார்த்து. "சாரு கம்ப்யூட்டரப் பாத்துட்டு, அங்க ஒண்ணுமே இல்லையேம்மான்னாரு. படிச்சவங்க சொல்றாங்க, ஒண்ணும் இல்ல போலன்னு நானும் இருந்துட்டேன்."

"ரெண்டே நாள்மா," என்றார் அவர். "புதுசா செஞ்சு தந்துடறேன்."

"புண்ணு ஆற ஒரு மாசம் ஆகும் சார்," என்றாள் நிலோஃபர்.

"ஆகட்டும் மேடம். இனிமே என்ன அவசரம்," என்றாள் மாரிக்கண்ணு.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் தாங்கக் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

தேவசகாயம் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மேடம், எது குறை, எது அந்த அம்மாவோட உடம்புன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?"

நிலோஃபர் அடுத்த ஆளின் சீட்டைக் கையில் எடுத்தாள்.

"தெரியாது சார். அதனாலதான் அது உங்கள ஒரு வார்த்தை கேட்டுச்சு. நீங்க யாரக் கேட்டீங்க?"

சொல்லிவிட்டு வெளியே போனாள்.