வெறும் சுண்ணாம்புத் தாம்பூலம்

மலைநாடு பாக்கு விற்கும். ஆற்றுநாடு வெற்றிலை விற்கும். இரண்டும் பெரிய பேரரசுகள். ஒருநாள் இவன் பாக்குக்கு அவன் வரி போட்டான். அவன் வெற்றிலைக்கு இவன் இரண்டு மடங்கு போட்டான். அடி யாருக்கு விழுந்தது? நடுவிலிருந்த சங்குத்துறைக்கு! கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு விற்றுப் பிழைக்கிற குட்டி நாடு அது.

ஒரே காலையில் இரண்டு தூதர்களும் அரண்மனைக்கு வந்து நின்றார்கள்.

மலைநாட்டுத் தூதர் மூக்கால் பேசுகிறவர். “ம்ம்ம்... இனி இங்கே ஒரு வெற்றிலை நுழையக் கூடாது. நுழைந்தால்... ம்ம்ம்... எங்கள் யானைப்படை நுழையும்.”

ஆற்றுநாட்டுத் தூதர் குரலில் தேன் சொட்டியது. “நாங்கள் மிரட்டவே மாட்டோம், மன்னா! ஒரு பாக்கு உள்ளே வந்தால், எங்கள் போர்ப்படகுகள் சும்மா... பார்த்துவிட்டுப் போக வரும்.”

அரசர் செழியங்கோவுக்கு வியர்த்தது. பக்கத்திலிருந்த அவை விகடன் கூத்தரசனின் காதைக் கடித்தார். “அடேய், யாருக்குச் சரி என்றாலும் இன்னொருவன் நம்மை மிதித்துவிடுவான். ஏதாவது செய்!”

“இருவருக்கும் சரி என்று சொல்லிவிடுங்கள், பிரபு.”

“பைத்தியமா உனக்கு?”

“சொல்லித்தான் பாருங்களேன்!”

அரசர் கண்ணை மூடிக்கொண்டு, “இருவர் கேட்டதும் சரி” என்றார். தூதர்கள் மீசையை முறுக்கினார்கள்.

“தாம்பூலம் கொண்டு வாருங்கள்!” என்று கூத்தரசன் கை தட்டினான். மூன்று நாட்டிலும் அதுதான் வழக்கம். கேட்டவர் சபையில் தாம்பூலம் மென்றால்தான் கொடுத்த வாக்குச் செல்லும்.

வெள்ளித் தட்டு வந்தது. அதில் குவியலாகச் சுண்ணாம்பு. வேறொன்றும் இல்லை.

“வெற்றிலை எங்கே?” என்றார் ஆற்றுநாட்டார்.

“அவர் தடுத்துவிட்டார்.”

“ம்ம்ம்... பாக்கு?”

“இவர் தடுத்துவிட்டார். மிச்சம் எங்கள் ஊர்ச் சரக்குதான். கூச்சப்படாமல் ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுங்கள்!”

“வாய் வெந்துவிடுமே!” அன்றைக்கு இருவரும் ஒரே குரலில் பேசியது அந்த ஒருமுறைதான்.

“மெல்லாவிட்டால் தடை செல்லாதே, ஐயா?”

“தடையைப் பற்றி... ம்ம்ம்... பிறகு பேசலாம்.”

“அவசரமே இல்லை, அவசரமே இல்லை” என்றார் ஆற்றுநாட்டார். தேன் வற்றிவிட்டது. “ஆனாலும் விருந்தாளிக்கு வெறும் சுண்ணாம்பை நீட்டுகிறாயே, இது நியாயமா?”

கூத்தரசன் பணிவாகக் குனிந்தான். “நாங்களும் அதைத்தானே ஐயா மென்றுகொண்டிருக்கிறோம், நீங்கள் சண்டை போட ஆரம்பித்த நாளிலிருந்து!”

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்துக் கூத்தரசனின் தலையில் ஒரு நொடி வைத்து அழகு பார்த்துவிட்டுத்தான் தம் தலையில் மாட்டிக்கொண்டார்.